பொன்மீனுக்குக் கொடுத்த வாக்கு: தோபா ஏரியின் மிதவைக் கூண்டுகளும் காக்கும் கடமையும்

ஓர் ஏரிக்கு ஒருவர் செய்யும் தீங்கு அளந்தறிய முடியாத அளவு சிறியதாகவும், பல்லாயிரவர் செய்யும் அதே செயல் ஒன்றுதிரண்டு அந்த ஏரியின் இயல்பையே மாற்றிவிடக்கூடியதாகவும் இருக்குமானால், குற்றம் யாரிடம் தங்குகிறது, காக்கும் கடமை யாரைச் சேர்கிறது என்னும் வினா எழுகிறது. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது மீன்வளத் துறையும் நீதிமன்றமும் தீர்க்க வேண்டிய நிர்வாகச் சிக்கலாகத் தோன்றலாம். ஆனால் ஏரி என்பது யாருக்கு உரியது, அதற்கு மனிதர் ஏதேனும் கடன்பட்டிருக்கிறார்களா என்பது முடிவாகாத வரையில் துறையும் நீதிமன்றமும் எதை அளவுகோலாகக் கொண்டு தீர்ப்பது என்பதே விளங்காது. இந்த வினாவை இந்தோனேசியாவின் வடக்குச் சுமத்ராவிலுள்ள தோபா ஏரியில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. நன்னீரில் கூண்டு மீன் வளர்ப்பு விளைவிக்கும் மாற்றங்களும், அவற்றைக் கட்டுப்படுத்த அரசு எடுத்த முயற்சிகளும், நீரைப் பற்றியும் மீனைப் பற்றியும் ஒரு சமூகம் தலைமுறைகளாகப் பேணிவரும் சமய உணர்வும் அங்கே ஒரே கரையில் சந்திக்கின்றன.

ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பேரெரிமலை வெடிப்பில் நிலம் உள்வாங்கி உண்டான பள்ளத்தில் நீர் தேங்கி உருவான தோபா ஏரி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், 100 கிலோமீட்டர் அளவு நீளமும் 30 கிலோமீட்டர் அளவு அகலமும் கொண்டு, நடுவே சமோசிர் என்னும் பெருந்தீவைத் தாங்கி நிற்கிறது. அதன் மிகுந்த ஆழம் 500 மீட்டருக்கும் மேல். இத்தனை பெரிய நீர்நிலைக்கு வெளியேறும் வழி அசகான் ஆறு ஒன்றே. ஆகவே ஏரிக்குள் வந்து சேரும் ஒரு துளி நீர் வெளியேறச் சராசரியாக 80 ஆண்டுகள் அளவு ஆகிறது. நீரியல் அறிஞர்கள் இதனைத் தங்குகாலம் என்பர். ஓடும் ஆற்றில் கலந்த அழுக்கை ஆறே அடித்துச் செல்லும். தோபாவிலோ இன்று கலப்பது ஒரு மனித ஆயுட்காலம் அங்கேயே தங்குகிறது. இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்தால்தான் பின்னர் வரும் அறவியல் விவாதத்தின் கனம் புலப்படும்.

1990-களில் கரையோரக் குடும்பங்களிடையே மிதவைக் கூண்டுகள் பரவலாயின. அந்தப் பத்தாண்டின் இறுதியில் வெளிநாட்டு முதலீடு கொண்ட பெருநிறுவனமும் ஏரிக்குள் நுழைந்தது. மூங்கிலாலோ இரும்புக் குழாயாலோ சட்டம் அமைத்து, காலிப் பீப்பாய்களின் மேல் அதை மிதக்கவிட்டு, உள்ளே வலைப்பையைத் தொங்கவிட்டு, அதில் மீன்குஞ்சுகளை விட்டு வளர்ப்பதே கூண்டு மீன் வளர்ப்பாகும். முதலில் வளர்க்கப்பட்டது சாதாக் கெண்டை. 2004-இல் கோய் ஹெர்பீஸ் என்னும் வைரஸ் நோய் அந்த மீன்களை வாரிக்கொண்டு போனபின், தமிழ்நாட்டுச் சந்தைகளில் ஜிலேபி கெண்டை என்று விற்கப்படும் திலேப்பியாவுக்கு வளர்ப்போர் மாறினர். இவ்விரண்டு மீன்களும் தோபாவுக்கு அயலானவை என்பதும் கருதத்தக்கது.

கூண்டுக்குத் தீவனம் இடும் காட்சி கோயில் குளத்து மீன்களுக்குப் பொரி தூவும் காட்சியை ஒத்தது. ஒருவர் கூண்டின் விளிம்பில் நின்று பழுப்புநிறக் குருணையைக் கை நிறைய அள்ளி வீசியதும் நீர்ப்பரப்பு கொதிப்பதுபோல் கலங்குகிறது, வாய்கள் மேலெழுகின்றன, சில நொடிகளில் அமைதி திரும்புகிறது, உண்ணப்படாத சில குருணைகள் ஊறிக் கனத்து வலைக்கண் வழியே கீழே இறங்குகின்றன. தமிழர் வழக்கில் அறமாகக் கருதப்படும் ஒரு செயலே இங்கு மாசின் தொடக்கமாகிவிடுகிறது. ஒரு கிலோ திலேப்பியா வளர ஒன்றரைக் கிலோ அளவிலோ அதற்கு மேலோ தீவனம் செலவாகிறது. அத்தீவனத்திலுள்ள பாஸ்பரஸில் சிறு பங்கே மீனின் உடலில் சேர, பெரும்பங்கு கழிவாகவும் கரைசலாகவும் ஏரிக்குப் போகிறது. பாஸ்பரஸ் நஞ்சன்று, அது பயிருக்கும் பாசிக்கும் உணவு. அதனால்தான் தீங்கு தீங்கெனத் தெரிவதில்லை. ஊட்டம் குறைந்த, ஆகவே தெளிந்த ஏரி என்று வகைப்படும் நீர்நிலைக்கு ஊட்டம் தொடர்ந்து சேரச்சேரப் பாசி பெருகி, மடிந்து, அடியில் படிந்து, மட்கும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உண்டுவிடுகிறது. இந்நிலைக்கு ஊட்டமிகுதி என்று பெயர். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று பாட்டிமார் சொல்லும் சொல்லை வேதியியல் இங்கே வரிக்கு வரி மெய்ப்பிக்கிறது.

2016 மே மாதத் தொடக்கத்தில், ஏரியின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹரங்கௌல் விரிகுடாவில் ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட மீன்கள் சில நாட்களுக்குள் மாண்டு மிதந்தன. விரிகுடாவின் நீரோட்டம் குறைந்த ஓரத்தில் கூண்டுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நெருங்கியிருந்தன. வானிலை மாற்றத்தில் ஆக்சிஜன் குறைந்த அடிநீர் மேல்நீருடன் கலந்தபோது, வலைக்குள் அடைபட்ட மீன்களுக்கு விலகிப்போக வழியில்லை. திறந்த நீரில் வாழும் மீன் மூச்சுத்திணறினால் வேறிடம் நீந்திப் போகும். கூண்டு மீனுக்கு அந்த உரிமை இல்லை. அழுகத் தொடங்கிய மீன்களை மூட்டை மூட்டையாக அள்ளிப் புதைக்க வேண்டியதாயிற்று. 2018 ஆகஸ்டில் சமோசிர்த் தீவின் பங்குருரான் பகுதியில் ஏறத்தாழ 180 டன் மீன்கள் இதே போல் மாண்டன. இழப்பு முதலில் விழுந்தது தீவனத்துக்கும் குஞ்சுக்கும் முதலிட்டிருந்த சிறு வளர்ப்பாளர் தலையில் என்பதை மறந்துவிட்டு, ஏரியைக் கெடுத்தவர்கள் என்று அவர்களை மட்டும் சுட்டுவது நேர்மையாகாது. கரையிலுள்ள விடுதிகளின் கழிவுநீர், பன்றிப் பட்டிகள், வயல்களின் உரம், மரம் இழந்த மலைச்சரிவுகளின் மண் ஆகியவையும் அதே நீரில்தான் வந்து சேர்கின்றன.

அரசு வாளாவிருந்ததாகச் சொல்ல முடியாது. 2014-ஆம் ஆண்டின் 81-ஆம் எண் குடியரசுத் தலைவர் ஒழுங்குவிதி ஏரிப்பகுதிக்கு நிலவரைத் திட்டம் வகுத்தது. 2017-இல் வடக்குச் சுமத்ரா ஆளுநரின் ஆணைகள், ஏரி ஊட்டம் குறைந்த நிலையிலேயே இருக்க வேண்டும் என்றும், அதற்காகக் கூண்டு மீன் விளைச்சல் ஆண்டுக்கு 10,000 டன்னைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுத்தன. அப்போது நடப்பிலிருந்த விளைச்சலோ பல பத்தாயிரம் டன். ஓர் எண்ணுக்கும் மற்றோர் எண்ணுக்கும் இடையிலுள்ள அந்தப் பள்ளத்தில்தான் மேற்பார்வை என்னும் சொல்லின் பொருள் அடங்கியிருக்கிறது.

இவ்வகை வரம்புகள் தாங்குதிறன் என்னும் கருத்திலிருந்து பெறப்படுகின்றன. ஒரு நீர்நிலை தன் இயல்பு கெடாமல் எவ்வளவு சுமையை ஏற்கும் என்பதே தாங்குதிறன். கூண்டு வளர்ப்புக்கான இதன் கணக்கீட்டை மால்கம் பெவரிஜ் 1984-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில் விளக்கினார். டில்லன், ரிக்லர் ஆகிய இருவர் ஏரிகளின் பாஸ்பரஸுக்காக வகுத்த சூத்திரத்தை அவர் அதற்கு அடிப்படையாகக் கொண்டார். ஏரியில் இப்போதுள்ள பாஸ்பரஸை அளந்து, ஏற்கத்தக்க பாஸ்பரஸிலிருந்து அதைக் கழித்து, எஞ்சிய இடைவெளியை மீன் எடையாக மாற்றினால் வரம்பு கிடைத்துவிடும். கழித்தலும் பெருக்கலும் அறிவியல். ஆனால் ஏற்கத்தக்க என்னும் அந்த ஒரு சொல் அறிவியல் அன்று. யாருக்கு ஏற்கத்தக்கது? குடிநீர் மொள்பவர் ஏற்கும் அளவு ஒன்று, கெண்டை வளர்ப்பவர் ஏற்கும் அளவு வேறொன்று, தெளிந்த நீரில் மட்டும் வாழும் நாட்டுமீன் ஏற்கும் அளவு மற்றொன்று. ஏரி எதற்காக இருக்கிறது என்னும் மெய்யியல் வினாவுக்கு முன்னதாகவே விடை கண்டுவிட்டுத்தான் சூத்திரம் தன் வேலையைத் தொடங்குகிறது. அந்த விடையைப் பொதுவில் வைத்து வாதிடாமல், எண்ணுக்குள் மறைத்துத் தருவதுதான் இத்துறையில் மேற்பார்வையின் முதற்குறை. எண் மாற்றப்படும்போதெல்லாம் மாறுவது அறிவியலா, விருப்பமா என்று கரைவாசிக்குத் தெரிவதில்லை.

சரி, வரம்பு நேர்மையானது என்றே கொண்டாலும், தனியொருவரை அது ஏன் கட்டுப்படுத்த வேண்டும்? நான்கு கூண்டு வைத்திருக்கும் குடும்பம் அவற்றை எடுத்துவிட்டால் ஏரியில் எந்தக் கருவியாலும் அளக்கத்தக்க மாற்றம் நேராது. குடும்பத்தின் அடுப்பில் மட்டும் மாற்றம் உடனே தெரியும். ஆங்கிலேய மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிட் 1984-இல் வெளியிட்ட 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' என்னும் நூலில் இந்தச் சிக்கலைக் கூர்மையாக ஆராய்ந்தார். ஆயிரம் பேரை ஆயிரம் பேர் வதைக்கின்றனர். ஒவ்வொருவரும் அழுத்தும் பொத்தான் ஒவ்வொருவரின் வலியையும் உணர முடியாத அளவே கூட்டுகிறது. ஆகவே எவரும் தாம் யாரையும் வதைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் வதை முழுமையாக நடந்து முடிகிறது. செயலைத் தனியே எடுத்து அதன் விளைவை மட்டும் எடைபோடுவது அறக்கணக்கில் நேரும் பிழை என்றும், தன் செயல் எந்தச் செயல்தொகுதியின் உறுப்பாக இருக்கிறது என்பதையும் ஒருவர் கேட்டாக வேண்டும் என்றும் அவர் காட்டினார். இருட்டில் ஆளுக்கொரு குடம் பால் ஊற்றச் சொன்ன அரசனின் தொட்டியில் விடிந்தபோது வெறும் தண்ணீர் நின்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்க்கு இந்த வாதம் புதிதன்று. அக்கதையிலும் ஒவ்வொருவரும் தம் ஒரு குடம் தண்ணீர் தெரியாது என்றுதான் நம்பினர்.

எனினும் பார்ஃபிட்டின் வாதத்தைச் சமப்படுத்தும் கருவியாக ஆக்கிவிடக் கூடாது. தொகுதியின் உறுப்பினர் அனைவரும் பொறுப்பாளிகள் என்பதால் அனைவரும் சமமான பொறுப்பாளிகள் ஆகிவிடுவதில்லை. அளக்கும் கருவியும் ஆய்வகமும் ஏற்றுமதிச் சந்தையும் உடைய நிறுவனம் தன் செயலின் விளைவை அறிந்து செய்கிறது; நான்கு கூண்டுக் குடும்பம் அறிந்தாலும் விலக வழியின்றிச் செய்கிறது. அறிவும் மாற்றுவழியும் எங்கு மிகுதியோ அங்குக் கடமையும் மிகுதி. வரம்புக்கு இறக்கும் வேளையில் யாருடைய கூண்டு முதலில் எடுக்கப்படுகிறது என்பதைப் பார்த்தே ஒரு மேற்பார்வை அமைப்பின் அறத்தை மதிப்பிட வேண்டும்.

தோபாவின் தோற்றம் பற்றி அப்பகுதி மக்களிடையே வழங்கும் கதை இவ்விடத்தில் துணைசெய்கிறது. மீன் பிடித்து வாழ்ந்த ஒருவனின் வலையில் பொன்மீன் ஒன்று சிக்கி, பெண்ணாக மாறி, தன் பிறப்பை எவரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு அவனை மணக்கிறது. பிறந்த மகன் ஒருநாள் வயலில் உழைக்கும் தந்தைக்கு எடுத்துச் சென்ற சோற்றை வழியிலேயே தின்றுவிட, பசியில் வெகுண்ட தந்தை அவனை மீன் பெற்ற பிள்ளை என்று ஏசிவிடுகிறான். வாக்கு முறிந்ததும் ஊற்றுகள் பீறிட்டுப் பள்ளத்தாக்கு ஏரியாகிறது. இக்கதையில் மீன் பிடித்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை, உண்டதும் குற்றமன்று. மீனுடன் தனக்கிருந்த உறவை இழிவாகச் சொன்னதே குற்றம். வாக்கு முறிந்த தருணம் ஒரு பசித்த தந்தையும் பசித்த பிள்ளையும் ஒரு சோற்றுக் கலத்துக்காக மோதிய தருணம் என்பதையும் கதை மறைக்கவில்லை. ஏரியைக் காக்கும் வாக்கு பெரும்பாலும் பேராசையால் முறிகிறது என்று சொல்வது எளிது. அது பசியாலும் முறியும் என்று இக்கதை அறிந்திருக்கிறது. வரம்பை மட்டும் அறிவித்துவிட்டு மாற்று வாழ்வாதாரத்தைப் பேசாத ஆணை ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

ஏரிக்கரையில் வாழும் பதாக் இனத்தாரின் பழைய சமயத்தில் மூலாஜாதி நபோலோன் முழுமுதற் கடவுள். நீருக்கு உரியவள் போரு சனியாங் நாகா. படகில் இறங்குவோர் அவளை வணங்கி அடக்கமாக நடந்துகொள்ள வேண்டும் என்பது மரபு. பழைய வழிபாட்டை இன்றும் பேணிவரும் பர்மாலிம் சமயத்தாரின் தலைமை இடம் ஏரிக்குத் தெற்கே லகுபோதியை அடுத்த ஹுதா திங்கியில் உள்ளது. அச்சமயப் பெயரிலுள்ள மாலிம் என்னும் சொல் தூய்மையைக் குறிக்கும். எலுமிச்சை வகைக் கனி ஒன்றைப் பிழிந்த நீரைத் தெளித்து வழிபடுவோரைத் தூய்மைப்படுத்துவது அவர்கள் சடங்கின் ஒரு கூறு. மனிதரைத் தூய்மையாக்கும் ஆற்றலை நீரிடம் வைத்திருக்கும் சமயத்தில், நீரே தூய்மை இழந்தால் அதை எதைக் கொண்டு தூய்மையாக்குவது என்னும் கேள்வி வெறும் சொல்விளையாட்டன்று. முன்னாளில் பியுஸ் எனப்பட்ட அமைப்பு பல குலத்தாரை ஒரு வட்டாரமாக இணைத்து, பெரும் படையல்களையும் பயிர்க் காலக் கணிப்பையும் ஒருங்கே நடத்தியது. வழிபடும் கூட்டமும் பொதுக்காரியங்களைக் கவனிக்கும் கூட்டமும் அங்கே ஒன்றாக இருந்தன. இன்று ஏரியின் கரை பல மாவட்டங்களிடையே பிரிந்து கிடக்க, பாஸ்பரஸ் எந்த எல்லைக்கல்லையும் பார்த்து நிற்பதில்லை.

தமிழருக்கு இந்நிலம் முற்றிலும் அயலானதன்று. ஏரிக்கு மேற்கே கடற்கரையிலுள்ள பாருஸில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் கற்பூரம் விளையும் அக்கரையில் தங்கித் தமக்குள் விதித்துக்கொண்ட கொடையைப் பதிவுசெய்கிறது. காரோ பதாக்குகளின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா என்னும் கிளைப்பெயர்கள் இன்றும் உள்ளன. தேபதா, பதாரா குரு போன்ற பதாக் தெய்வச் சொற்கள் இந்தியத் தொடர்பைக் காட்டுகின்றன. இதைக் கொண்டு சனியாங் நாகாவை நம் நாகதேவதையோடு ஒன்றாக்கிவிடுவது அவசரமாகும். அவள் அந்த நீருக்கு உரியவள்.

பதாக்குகளில் பெரும்பாலோர் இன்று கிறித்தவர்; 1862-இல் சுமத்ராவுக்கு வந்த ஜெர்மானியப் போதகர் நோமென்சனின் பணியால் வேரூன்றிய புரோட்டஸ்டன்ட் திருச்சபையே அவர்களின் மிகப்பெரிய சமய அமைப்பு. விவிலியத்தின் தொடக்க நூல் முதல் அதிகாரத்தில் மீன்கள் உள்ளிட்ட உயிர்கள் மீது மனிதருக்கு ஆளுகையைத் தருகிறது. இரண்டாம் அதிகாரத்தில் தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் வேலையைத் தருகிறது. 1967-இல் வரலாற்றறிஞர் லின் வைட் எழுதிய கட்டுரை முதல் அதிகாரத்தையே சூழலியல் நெருக்கடியின் வேர்களுள் ஒன்றாகச் சுட்டியது. அதற்கு விடையளித்த இறையியலாளர்கள் இரண்டாம் அதிகாரத்தைக் கையில் எடுத்து, மனிதர் உடைமையாளர் அல்லர், காப்பாளரே என்றனர். காப்பாளர் என்பது நல்ல சொல்தான். ஆனால் காப்பாளர் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர் என்பதை விட்டுவிட்டால் அது உடைமையாளருக்கு மற்றொரு பெயராகிவிடும்.

இந்தோனேசிய அரசமைப்பின் 33-ஆம் பிரிவும் இதே நூலிழையில் நிற்கிறது. நிலமும் நீரும் அவற்றிலுள்ள வளங்களும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்து மக்களின் பெருநலத்துக்குப் பயன்பட வேண்டும் என்று அது விதிக்கிறது; அரசுக்கு உடைமை என்று அது சொல்லவில்லை. நீரைத் தனியார் வணிகத்துக்கு மிகுதியாகத் திறந்துவிட்டது என்னும் அடிப்படையில் 2004-ஆம் ஆண்டின் நீர்வளச் சட்டத்தை அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2015-இல் செல்லாததாக்கியது இப்பிரிவைக் கொண்டே. ஆனால் மக்களின் பெருநலம் எது? கூண்டுகளைக் குறைக்கும் முனைப்பு தோபாவைப் பெருஞ்சுற்றுலாத் தலமாக்கும் அரசின் திட்டத்தோடு சேர்ந்தே வலுப்பெற்றது; 2020-இல் ஏரி யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. விருந்தினர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்காக நீர் தெளிவாக்கப்படுமானால், கண் பார்க்காத 200 மீட்டர் ஆழத்தில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்பவர் யார்? விடுதிகளின் கழிவுக்குழாய்களைக் கேட்பவர் யார்? வாக்கு ஏரிக்குக் கொடுக்கப்பட்டதாக இருந்தால்தான் இக்கேள்விகளுக்கு இடமுண்டு. விருந்தினருக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு கரையோரத்தோடு நின்றுவிடும்.

ஏரிக்கு வாக்குக் கொடுப்பது என்றால் என்ன என்று எதிர்வாதம் செய்யலாம். ஏரி கேட்காது, கேட்டதாகச் சொல்லாது, முறித்தால் வழக்குத் தொடுக்காது. பதாக் மரபில் இதற்கு ஒரு விடை நடைமுறையாகவே இருக்கிறது. பெண் கொடுத்த வீட்டார் பெண் எடுத்த வீட்டாருக்கு வாழ்த்தாக மீன் அளிப்பது அவர்களின் திருமணங்களில் தவறாத சடங்கு. ஒரே திசையில் கூட்டமாக நீந்தும் மீன்கள் என்னும் பொருளில் அதற்குத் தெங்கே சிமுதுர்-உதுர் என்று பெயர். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படையில், வெட்டாமல் முழுமீனாக, காரமும் நறுமணமும் கொண்ட அந்தாலிமான் என்னும் காட்டுமிளகும் மஞ்சளும் கூட்டிக் குழம்பு வற்றும்வரை வேகவைத்து, சோற்றின் மேல் தலை மணமக்களை நோக்கியிருக்கும்படி வைத்துத் தருகின்றனர். முன்னாளில் அதற்கு உரியது தெளிந்த ஓடைநீரில் வாழும் இஹான் என்னும் நாட்டுமீன். இஹான் அரிதாகிவிட்டதால் அதன் இடத்தைக் கெண்டை பிடித்தது. அந்நாட்டு மொழியில் கெண்டைக்கு இகான் மாஸ், அதாவது பொன்மீன், என்றே பெயர். கதையில் வாக்கு வாங்கிய மீனின் பெயரைத் தாங்கிய மீனே இன்று வாழ்த்தாகத் தட்டில் வருகிறது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரை ஒருவர் கட்டுப்படுத்திக்கொள்ளும் அச்சடங்கில் மீன் வெறும் உணவு அன்று. அந்தக் கட்டுக்குச் சாட்சி. சாட்சி பேச வேண்டியதில்லை, இருந்தால் போதும். அரிதாகிப்போன இஹானைப் பற்றிய கவலை ஆகவே மீன்வளத் துறையின் கவலை மட்டுமன்று; சாட்சியை இழந்த ஒப்பந்தத்தின் கவலையும் ஆகும்.

அந்த மணமக்களின் காலம் முடிந்தபின்தான், சராசரிக் கணக்கில், இன்று தூவப்பட்ட குருணையின் எச்சம் கலந்த நீர் ஏரியை விட்டுப் போயிருக்கும். போர்சேயாவுக்கு அருகே அசகான் ஆற்றில் இறங்கி மின்நிலையங்களின் சுழலிகளைத் திருப்பிக் கடலுக்குப் போகும் நீர், சராசரிக் கணக்கில், அவர்களின் பாட்டன்மார் பிறந்த காலத்தில் மலைகளின் மேல் மழையாக விழுந்தது. அப்போது ஏரியில் ஒரு கூண்டும் இல்லை.